சிதைவா, திரிபா?

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



போடி மேற்கு மலையின் அடிவாரத்தில் பொட்டிப்புரம் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரை ஒட்டி நிற்கும் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 சனவரியில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது. செலவு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய். அதனையொட்டி எழுந்த விவாதத்தில் தேனி, போடி, தேவாரம், கம்பம் என எங்கும் ஒரு சொல் புழங்கலாயிற்று. 'கதிரியக்கம்' என்பதே அச்சொல். பாடநூலின் பக்கங்களுக்குள் உறங்கிக் கிடந்த கலைச்சொல் ஒன்று மக்கள் வழக்கில் கலப்பது தமிழ் பயிற்றுவோர் மகிழத்தக்க செய்தியே. ஆயினும் அச்சொல் ஊருக்குள் வந்தபோது பொருளை மலையடியிலேயே விட்டுவிட்டு அச்சத்தை மட்டும் சுமந்து வந்தது.

அத்திட்டம் வேண்டும், வேண்டா என்பது இவ்வுரையின் பொருளன்று. அணுக்கருவில் நிகழும் ஒரு மாற்றத்துக்குத் தமிழில் இட்ட பெயர் பொருந்துகிறதா என்பதே பொருள். பெயர் பிழைபட்டால் எண்ணமும் பிழைபடும் என்பதைச் சொல்லையே தொழிலாகக் கொண்ட கவிஞர்களிடம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தமிழ்ப் பாடநூல்கள் அம்மாற்றத்தைச் 'சிதைவு' என்கின்றன. ஆல்பாச் சிதைவு, பீட்டாச் சிதைவு என வகையும் கூறுகின்றன. இலங்கைத் தமிழர் கதிரியக்கத்தைக் 'கதிர்த்தொழிற்பாடு' என வழங்குவர். தொழிற்படுதல் என்னும் கருத்து அதில் இருப்பது நன்று. தமிழகத்தில் 'சிதைவு' என்றவுடன் மனத்தில் எழுவன இடிந்த மதிலும் கரையான் அரித்த ஏடும். சிதைந்த பொருள் குறைந்த பொருள். பயன் இழந்த பொருள். அணுக்கருவில் நிகழ்வது அதுதானா?

அணுக்கரு என்பது புரோட்டான், நியூட்ரான் என்னும் இருவகைத் துகள்களின் செறிந்த கூட்டம். புரோட்டான் நேர்மின்னூட்டம் உடையது. நியூட்ரான் மின்னூட்டம் அற்றது. ஒரு தனிமம் எது என்பதை முடிவு செய்வது புரோட்டான்களின் எண்ணிக்கை மட்டுமே. ஆறு இருந்தால் கரி. ஏழு இருந்தால் நைட்ரசன். எழுபத்தொன்பது இருந்தால் பொன். நியூட்ரான்கள் கூடினாலும் குறைந்தாலும் பெயர் மாறுவதில்லை. எடை மட்டுமே மாறும். புரோட்டானில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ பெயரே மாறிவிடும். ஆகவே ஒரு நியூட்ரான், இருந்த இடத்திலேயே புரோட்டானாக மாறுமானால், கூட்டத்தில் தலை எண்ணிக்கை குறையாமலேயே தனிமம் வேறொன்றாகிவிடும்.

இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் வாழைத் தோட்டம் போதும். வாழைக்கு உரமிடும் உழவர் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என மூன்றைக் கூறுவர். சாம்பல்சத்து என்பது பொட்டாசியம். வாழை அதனை மிகுதியாகக் கேட்கும் பயிர். பொட்டாசியத்தின் கருவில் 19 புரோட்டான்கள். இயற்கையில் கிடைக்கும் பொட்டாசியம் ஏறத்தாழ முழுவதும் நிலையானது. நூற்றுக்கு 0.0117 பங்கு மட்டும், அதாவது பத்தாயிரத்தில் ஒன்றுக்குச் சற்று மிகுதியாக, 19 புரோட்டான்களும் 21 நியூட்ரான்களும் கொண்டது. பொட்டாசியம்-40 என்பது அதன் பெயர். இரண்டு எண்களும் ஒற்றைப்படையாக இருப்பது நோக்கத்தக்கது. அணுக்கருவில் புரோட்டான் புரோட்டானோடும், நியூட்ரான் நியூட்ரானோடும் இணை சேர்ந்திருக்க விழைவன. இங்கோ இருபுறத்திலும் ஒவ்வொன்று இணையின்றி நிற்கிறது. அந்நிலை ஆற்றல் மிக்க நிலை. மலைச் சரிவின் மேல் நிற்கும் பாறையைப் போன்றது. நூற்றில் 89 பங்கு இவ்வாறு முடிகிறது: ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாற, 20 புரோட்டான்களும் 20 நியூட்ரான்களும் கொண்ட கரு உண்டாகிறது. அது கால்சியம். உழவர் மொழியில் கூறுவதானால், சாம்பல்சத்து சுண்ணாம்புச் சத்தாகிவிட்டது. நாற்பது துகள்கள் இருந்த இடத்தில் நாற்பதும் உள்ளன. எதுவும் உடையவில்லை. நிறையில் மிக நுண்ணிய ஒரு பங்கு ஆற்றலாகப் பிரிந்ததன்றி வேறு இழப்பில்லை. இதனைச் சிதைவு என்று எவ்வாறு கூறுவது?

ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் இம்மாற்றம் வினாடிக்குப் பத்து முறைக்கு மேல் நிகழ்கிறது. அதனை உண்ணும் மனிதர் உடலில் ஏறத்தாழ 140 கிராம் பொட்டாசியம் எப்போதும் உண்டு. அங்கே வினாடிக்கு 4,000 முறைக்கு மேல் நிகழ்கிறது. இவ்வவையில் அமர்ந்திருப்போர் உடலிலும் இப்போது நிகழ்ந்துகொண்டிருக்கிறது. மிகுதியாக வாழைப்பழம் உண்டால் இவ்வெண் ஏறிவிடும் என்று அஞ்சவும் வேண்டா. உடல் தனக்கு வேண்டிய அளவு பொட்டாசியத்தை வைத்துக்கொண்டு எஞ்சியதை வெளியேற்றிவிடும்.

தமிழிலக்கணம் இம்மாற்றத்துக்குரிய சொல்லைப் பல நூற்றாண்டுகளாக வைத்திருக்கிறது. புணர்ச்சியில் நேரும் விகாரத்தை நன்னூலார் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாகப் பகுத்தார். 'கல்' என்பதும் 'பாறை' என்பதும் சேர்ந்து 'கற்பாறை' ஆகும்போது லகர மெய் றகர மெய்யாகத் திரிகிறது. லகரம் சிதைந்தது என்று எவ்வாசிரியரும் கூறுவதில்லை. எழுத்தின் எண்ணிக்கை குறையவில்லை, எழுத்து வேறாயிற்று. நியூட்ரான் புரோட்டானாவது இவ்வகைத் திரிதலே. பால் திரிந்தது என்னும் வழக்கைக் காட்டி, திரிதலிலும் கெட்டுப்போதல் உண்டே என்று சிலர் மறுக்கலாம். திரிந்த பாலிலும் பால் அழிந்துபோவதில்லை, வேறொன்றாகிறது. அதைக் கொண்டு இனிப்புச் செய்வோரும் இருக்கின்றனர்.

தோன்றல் விகாரம் இன்னும் நுட்பமான ஓர் உண்மையை விளக்கவல்லது. பீட்டா மாற்றத்தின்போது கருவிலிருந்து ஓர் எலெக்ட்ரான் விரைந்து வெளிவருகிறது. அதனால் எலெக்ட்ரான்கள் முன்னரே கருவினுள் ஒடுங்கியிருந்தன என்றே அறிவியலாளர் நெடுநாள் எண்ணினர். 1932-இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்த பின்னரே அவ்வெண்ணம் விலகலாயிற்று. கருவினுள் எலெக்ட்ரான் இல்லை. மாற்றம் நிகழும் அந்நொடியில் அது புதிதாய்த் தோன்றுகிறது. 'வாழை' என்பதில் பகர மெய் இல்லை. 'பழம்' என்பதன் முதலில் இருப்பது உயிரேறிய ஒரே பகரம். இரண்டும் சேர்ந்து 'வாழைப்பழம்' ஆகும்போது இடையே ஒரு பகர மெய் வந்து நிற்கிறது. அது எங்கே ஒளிந்திருந்தது என்று வினவுவது எவ்வளவு பொருளற்றதோ, எலெக்ட்ரான் எங்கே ஒளிந்திருந்தது என்று வினவுவதும் அவ்வளவு பொருளற்றது.

ஒப்புமையை எல்லை கடந்து இழுத்துச் செல்லுதல் தமிழாசிரியர்களின் பழைய குறை. எனவே எல்லையையும் கூறிவிட வேண்டும். எழுத்துத் திரிவதற்கு அருகில் மற்றோர் எழுத்து வேண்டும். அணுக்கருவுக்கு அண்டையார் வேண்டுவதில்லை. அடுப்பின் வெப்பமும் பனியின் குளிரும் அதனைத் தூண்டுவதில்லை, தடுப்பதுமில்லை. குறிப்பிட்ட ஒரு கரு இன்று திரியுமா, நூறு கோடி ஆண்டு கழித்துத் திரியுமா என்று எவராலும் கூறவியலாது. பெருங்கூட்டத்தைப் பற்றி மட்டுமே கூறலாம். பொட்டாசியம்-40 எவ்வளவு எடுத்துக்கொண்டாலும் 125 கோடி ஆண்டுகளில் அதில் பாதி திரிந்திருக்கும். எஞ்சிய பாதியில் பாதி திரிய மேலும் 125 கோடி ஆண்டுகள். இது 'அரைவாழ்வுக் காலம்' எனப்படுகிறது. மூப்பு என்பதே அறியாத ஒன்றுக்கு 'வாழ்வு' என்னும் சொல்லும் அத்துணைப் பொருத்தமன்று; அதை வேறொரு நாள் பார்க்கலாம்.

கதிரியக்கம் தீங்கற்றது என்று நிறுவ இவை கூறப்படவில்லை. 1986-இல் செர்னோபில் அணு உலையிலிருந்து வெளியேறிய அயோடின்-131 செனானாகத் திரிவதும் இதே பீட்டா மாற்றத்தால்தான். அதன் அரைவாழ்வு எட்டே நாள். அது குழந்தைகளின் கழுத்துச் சுரப்பியில் சென்று செறிந்து புற்றுநோய்க்குக் காரணமாயிற்று. எவ்வளவு, எங்கே, எவ்வளவு விரைவில் என்னும் மூன்று வினாக்களைக் கேளாமல் அஞ்சுவதும், கேளாமல் அஞ்சாதிருப்பதும் ஒன்றே. 'சிதைவு' என்னும் ஒற்றைச் சொல் இம்மூன்று வினாக்களையும் மறைத்துவிடுகிறது என்பதே இங்குக் குறை.

இனி, பொட்டிப்புரத்துக்கு வரும் வழி. பீட்டா மாற்றத்தில் வெளிவரும் எலெக்ட்ரான்கள் ஒரே ஆற்றலோடு வராமல், சில மெதுவாகவும் சில விரைவாகவும் வந்தன. கணக்குப் பார்த்தபோது ஆற்றல் குறைந்தது. ஆற்றல் அழியாது என்னும் விதியே பொய்யோ என்று பெரியோரும் ஐயுற்ற காலத்தில், 1930 திசம்பரில் வுல்ஃப்காங் பவுலி ஒரு கடிதம் எழுதினார். கண்ணுக்கும் கருவிக்கும் அகப்படாத மற்றொரு துகள் அவ்வாற்றலைக் கொண்டுசெல்கிறது என்பது அவர் ஊகம். ஒரு நடன விருந்து இருந்தமையால் கூட்டத்துக்கு நேரில் செல்லாமல் கடிதம் அனுப்பியவர், கூடியிருந்தோரைக் கதிரியக்கப் பெருமக்களே என்று விளித்திருந்தார். சற்று முன் கூறியதை நினைவிற்கொண்டால் அவ்விளி இவ்வவைக்கும் பொருந்தும். பின்னர் அத்துகளைப் பற்றிய கொள்கையை வகுத்த என்ரிகோ ஃபெர்மி 'நியூட்ரினோ' என்னும் பெயரை நிலைநாட்டினார். கருவி அதனைப் பிடிக்க 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாழைப்பழத்தில் எலெக்ட்ரானுடன் வெளிவரும் துணைத்துகள் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. மனித உடல் ஒவ்வொன்றும் நாள்தோறும் முப்பது கோடிக்கு மேற்பட்டவற்றை வெளியிடுகிறது. சூரியனிலோ மறுதலையான திரிதல் நடக்கிறது, புரோட்டான் நியூட்ரானாகிறது. அங்கிருந்து புறப்படும் நியூட்ரினோக்கள் பூமியில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பை வினாடிக்கு 6,000 கோடிக்கு மேல் கடந்து செல்கின்றன. இரவில் அவை பூமியையே ஊடுருவிக் கட்டிலின் அடிப்புறமாக வருகின்றன.

எதிலும் படாமல் செல்லும் ஒன்றைப் பிடிக்க, படக்கூடிய பிற அனைத்தையும் முதலில் விலக்க வேண்டும். விண்ணிலிருந்து பொழியும் மற்றத் துகள்களை வடிகட்டும் சல்லடையே மலை. இக்கருத்து தென்னகத்துக்குப் புதிதன்று. 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தில் 2,300 மீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் சப்பானிய, ஆங்கிலேய ஆய்வாளரும் கூடி, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடத்தைக் கண்டனர். உலகில் அத்தகைய முதற்சான்றுகளுள் அஃது ஒன்று. அச்சுரங்கத்தை ஆழப்படுத்திய உழைப்பாளருள் பெருந்தொகையினர் தமிழர் என்பதை அறிவியல் வரலாறு எழுதுவோர் மறந்துவிடுகின்றனர். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அதற்கு முன்பே, 1990-களின் தொடக்கத்தில், ஆய்வுகள் நின்றுவிட்டன. அதற்கு மாற்றாகத் தேடிய இடங்களுள் நீலகிரியின் சிங்காரா, முதுமலைப் புலிகளின் பொருட்டு விலக்கப்பட்டது. பின்னரே போடி மலை வந்தது. சார்னோகைட் என்னும் இறுகிய பாறை. மேலே ஆயிரம் மீட்டருக்கு மிகுந்த கல். உள்ளே செல்ல ஏறத்தாழ 2 கிலோமீட்டர்ச் சுரங்கவழி. அதன் முடிவில் 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு. இதுவே திட்டம்.

அவ்விரும்பு கதிரியக்கப் பொருளன்று. அங்கே நியூட்ரினோவை உண்டாக்கும் கருத்தும் அத்திட்டத்தில் இல்லை. வானிலிருந்து தாமாக வருவனவற்றை எண்ணுவதே நோக்கம். இவ்வளவில் மக்களின் அச்சம் பொருளற்றதே. ஆயினும் அச்சத்துடன் கலந்து வந்த வேறு வினாக்கள் பொருளற்றவை அல்ல. வெடி வைத்துப் பாறையை உடைத்தால் ஊற்றுகள் என்னாகும், உடைத்த கல்லை எங்கே கொட்டுவது, மதிகெட்டான் சோலைக் காட்டுக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் இத்துணைப் பெரிய பணி தகுமா என்பன நேர்மையான வினாக்கள். நீதிமன்றங்களும் இவற்றையே பெரிதும் ஆராய்ந்தன. வைகோ தொடுத்த வழக்கில் 2015-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-இல் மீண்டும் வழங்கப்பட்ட அனுமதியை அவ்வாண்டு நவம்பரில் தீர்ப்பாயம் ஏற்றது; ஆயினும் காட்டுயிர் வாரியத்தின் இசைவின்றிப் பணி தொடங்கலாகாது என்றது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்சநீதிமன்றத்தில் இத்திட்டத்துக்கு இசைவில்லை எனத் தெரிவித்தது. கண்டறிகருவியின் 85 டன் எடையுள்ள சிறு வடிவம் ஒன்று 2018-இல் மதுரையில் இயங்கத் தொடங்கியது.

அவ்வாய்வுக்கூடத்தில் பின்னர் நடத்தக் கருதிய ஆய்வு ஒன்று இவ்வுரையின் பொருளுக்கு மிக நெருங்கியது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பை அறியாத வீடு தமிழகத்தில் இல்லை. அது வெள்ளீயம், காரீயமன்று. வெள்ளீயத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு வெள்ளீயம்-124. அதன் 74 நியூட்ரான்களுள் இரண்டு ஒரே நேரத்தில் புரோட்டான்களாகத் திரிந்து, அது டெல்லூரியமாக வேண்டும் என்பது கொள்கை. அப்போது நியூட்ரினோ ஒன்றும் வெளிவராமல் இரண்டு எலெக்ட்ரான்கள் மட்டும் வருமா என்பது வினா. வருமானால், நியூட்ரினோவும் அதன் எதிர்த்துகளும் ஒன்றே என்று பொருள். உலகில் எந்தத் தனிமத்திலும் இது இதுவரை ஐயமறக் காணப்படவில்லை. இத்துணை அரிய திரிதலைக் காத்திருந்து கேட்க, சுற்றியுள்ள பாறையின் கதிரியக்கமே இரைச்சலாக இடையூறு செய்யும். ஆகவே மிகக் குறைந்த கதிரியக்கம் உள்ள இடத்தையே அவ்வாய்வினர் நாடினர். கதிரியக்கத்தைக் கொண்டுவருவார்கள் என்று ஊர் அஞ்சிய இடத்துக்கு, கதிரியக்கத்துக்கு ஒதுங்க வந்தவர்கள் அவர்கள். இச்செய்தி ஊருக்கு ஊர்த் தமிழில் போய்ச் சேர்ந்திருந்தால் வழக்கின் முடிவு மாறியிருக்கும் என்று கூறுவதற்கில்லை. விவாதத்தின் தரம் மாறியிருக்கும்.

'சிதைவு' என்னும் சொல் ஓரளவு பொருந்துமிடம் ஆல்பா மாற்றம். அங்கே இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் ஒரு கட்டாகக் கருவை விட்டு நீங்கிவிடுகின்றன. இது கெடுதல் விகாரம். 'மரம்', 'வேர்' என்பன 'மரவேர்' ஆகும்போது மகரம் நீங்குவது போல. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள தோரியம் இவ்வழியே செல்வது. ஆறு கெடுதலும் நான்கு திரிதலும் கடந்து அது காரீயமாகி நிலைபெறுகிறது. 232 துகள்கள் 208 ஆகின்றன. தோரியத்தில் பாதி முதற்படியைக் கடக்கவே 1,400 கோடி ஆண்டுகள் வேண்டும். பூமியின் வயது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு தனிமம் மற்றொன்றாகிறது என்னும் உண்மையை ரூதர்ஃபோர்டும் சாடியும் 1901, 1902 ஆண்டுகளில் கனடாவில் கண்டதும் இத்தோரியத்தில்தான்.

கவிஞர்கள் மிகவும் கருதத்தக்க சான்று நெல்லில் உள்ளது. வானிலிருந்து வரும் துகள்களின் மோதலால் காற்றிலுள்ள நைட்ரசன் சிறிதளவு கரி-14 ஆகிறது. அதனைப் பயிர் உள்வாங்குகிறது. பயிர் இறந்த பின் புதிய வரவு இல்லை. உள்ளே இருப்பது மட்டும் ஒவ்வொன்றாக மீண்டும் நைட்ரசனாகத் திரிந்துகொண்டிருக்கும். 5,730 ஆண்டுகளில் பாதி தீரும். பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. இராசன் நடத்திய அகழாய்வில், ஈமச்சின்னம் ஒன்றில் சாடி நிறைய நெல்லும், தமிழி எழுத்துப் பொறித்த பிரிமனையும் கிடைத்தன. அந்நெல்லில் கரி-14 எஞ்சிய அளவைக் கொண்டு அதன் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. முதலில் இருந்ததில் ஏறத்தாழ முக்கால் பங்கு எஞ்சியிருந்தது என்பதே அக்கணிப்பின் பொருள். நெல்லின் காலத்தை எழுத்தின் காலமாகக் கொள்வதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வருசநாட்டு மலையில் பிறந்து தேனி மாவட்டம் கடந்து செல்லும் வைகையின் கரையில், கீழடியின் ஒரு மாதிரிக்குக் கி.மு. 580 என்னும் காலத்தை 2019-இல் தொல்லியல் துறை வெளியிட்டதும் இம்முறையால்தான். ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த தமிழி நடுகற்களுக்கு இம்முறை உதவாது. கல்லில் உயிர்வழி வந்த கரி இல்லை. அவற்றின் காலத்தை எழுத்தின் வடிவங்கொண்டே உய்த்துணர வேண்டும். தமிழின் தொன்மையைப் பாடும் அதே கவிதைத் தொகுப்பில் கதிரியக்கத்தை நஞ்சு என்னும் ஒற்றை உருவகத்தில் அடைத்து அடுத்த பக்கத்தில் பாடுவது இன்று பலரிடம் காணப்படுகிறது. முதற் பக்கத்தின் ஆண்டுக் கணக்கு இரண்டாம் பக்கம் பழிக்கும் திரிதலிலிருந்து வந்தது என்பது இருவர்க்கும், எழுதியவர்க்கும் படிப்பவர்க்கும், தெரியாமற் போகிறது.

சாம்பல்சத்தின் மற்றொரு வழி இன்னும் கூறப்படவில்லை. நூற்றில் 89 பங்கு சுண்ணாம்புச் சத்தாகிறது. எஞ்சிய 11 பங்கு எதிர்த்திசையில் செல்கிறது. கரு தன்னைச் சுற்றும் எலெக்ட்ரான் ஒன்றை உள்ளிழுத்துக்கொள்ள, ஒரு புரோட்டான் நியூட்ரானாகிறது. 18 புரோட்டான்களும் 22 நியூட்ரான்களும் கொண்ட அக்கரு ஆர்கான் என்னும் வளி. எதனோடும் சேராத அவ்வளி பாறையின் விரிசல்கள் வழியே மேலே வருகிறது. பூமி தோன்றிய நாள் முதல் இவ்வாறு வந்து சேர்ந்தது இன்று காற்றில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்காக உள்ளது; காற்றிலுள்ள ஆர்கான் ஏறக்குறைய முழுவதும் பொட்டாசியம் திரிந்து உண்டானதே. ஆடி மாதத்தில் கணவாய்களின் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வாழைத் தார்களைச் சாய்த்துச் செல்லும் காற்றிலும் அப்பங்கு உண்டு.